பொம்மைப் படம்தான், அதற்கென்ன?

1955-இல் ஜப்பானில் சில ஊர்களில் மாங்கா எனப்படும் படக்கதைப் புத்தகங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் குவித்துத் தீ வைத்தார்கள். வைத்தவர்கள் ரவுடிகள் இல்லை. பிள்ளைகள் ஒழுங்காகப் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று நினைத்த அம்மாக்கள், பெற்றோர் சங்கத்தார், ஆசிரியர்கள். ‘கெட்ட புத்தகங்களை ஒழிப்போம்’ என்று நாடு முழுக்க ஓர் இயக்கமே நடந்தது. அந்த இயக்கத்தின் வாயில் விழுந்து அரைபட்ட பெயர்களில் ஒன்று ஒசாமு தெசூகா. ‘ஆஸ்ட்ரோ பாய்’ வரைந்த அதே தெசூகா. 1928-இல் பிறந்தவர், அப்போது முப்பதைக்கூட எட்டாத இளைஞர்.

சரி, உன்னிடம் உன் சித்தப்பா என்ன சொன்னார்?

“காலேஜ் போற வயசுல இன்னும் பொம்மைப் படம் பாத்துட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?”

இவ்வளவுதானே! இதற்கா லேப்டாப்பைப் படக்கென்று மூடினாய்? இதற்கா சோறு இறங்காமல் எழுந்து போனாய்? யாராவது அறைக்குள் வந்தால் திரையை மாற்றுவது, போன் வால்பேப்பரில் இருந்த ‘ஒன் பீஸ்’ லூஃபியை எடுத்துவிட்டு ஏதோ ஒரு மலைப் படத்தை வைப்பது, “என்ன பாக்கறே?” என்று கேட்டால் “சும்மா ஒரு சீரிஸ்” என்று முனகுவது. தம்பி, தங்கச்சி, திருடினவன் செய்கிற வேலை இது. நீ எதைத் திருடினாய்?

தலையை நிமிர்த்து. முதலில் அதைச் செய், மீதியைப் பிறகு பேசலாம்.

ஒருவர் ‘நருட்டோ’வை இழுவை என்று சொன்னால் உன் வயிறு ஏன் எரிகிறது? எனக்குத் தெரியும். பிளஸ் டூ படித்த வருஷம், ஹாஸ்டலில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத ராத்திரிகளில், ஊரே ஒதுக்கி வைத்த ஒரு பையன் ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நீ அழுதிருக்கிறாய். அன்றைக்கு அந்தத் தொடர் உனக்குத் துணையாக இருந்தது. அதனால் அதை யாராவது குறை சொன்னால் உன்னைக் குறை சொன்ன மாதிரி இருக்கிறது. இந்த உணர்ச்சியில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை யோசி. குறை சொன்னவனுக்கு உன் ஹாஸ்டல் ராத்திரியைப் பற்றி என்ன தெரியும்? அவன் பேசியது தொடரைப் பற்றி. நீயாகப் போய்க் குறுக்கே நின்றுகொண்டு, “என்னை அடிச்சிட்டான்” என்கிறாய்.

தொடரைப் பற்றி அவன் சொன்னது முழுப் பொய்யா என்ன? ‘நருட்டோ’ முதல் தொடர் 220 பாகம், ‘ஷிப்பூடென்’ 500 பாகம். மாங்கா வாராவாரம் வந்துகொண்டிருந்தது. அனிமே, அதாவது அதன் அசையும் சித்திரத் தொடர், அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. கதை தீர்ந்துவிடும் என்ற நிலை வந்தபோது, மாங்காவில் இல்லாத சம்பவங்களைப் போட்டு நிரப்பினார்கள். முதல் தொடரின் கடைசி மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட முழுக்க இப்படிப்பட்ட இடைச்செருகல்தான். உனக்கே தெரியும். நீயே எத்தனை பாகத்தைத் தாண்டித் தாண்டிப் போனாய்! பிறகு எதற்கு “ஒவ்வொரு பாகமும் மாஸ்டர்பீஸ்” என்று சண்டை பிடிக்கிறாய்? “ஆமா, அந்த இடமெல்லாம் இழுவைதான். எனக்கும் பிடிக்காது” என்று சொல்லிப் பார். வாய் சுட்டுவிடாது. எதிரே இருப்பவன்தான் அடுத்து என்ன பேசுவது என்று திகைப்பான்.

தைரியம் என்று நான் சொல்வது இதைத்தான். நேசிப்பதன் குறையைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அப்புறமும் நேசிக்கிறேன் என்று நிற்கிற நெஞ்சு. குறையே இல்லை என்று மேசையைத் தட்டுவதற்குப் பெரிய நெஞ்சு வேண்டியதில்லை, உரத்த தொண்டை இருந்தால் போதும்.

(இடையில் ஒரு ரகசியம். உன்னைக் கிண்டல் செய்யும் அப்பாவோ பெரியப்பாவோ ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தால், சும்மா ஒரு நாள் ‘இரும்புக்கை மாயாவி’ என்று காதருகே சொல்லிப் பார். 1972-இல் முத்து காமிக்ஸ் அந்தக் கதையோடுதான் தொடங்கியது. சிவகாசியிலிருந்து வந்த அந்தப் புத்தகங்களைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து உதை வாங்கிய ஒரு தலைமுறையே இங்கே உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறுவதைக் கவனி. அப்புறம் கொஞ்ச நாளைக்கு உன் பக்கம் வரமாட்டார்.)

தெசூகாவிடம் திரும்பி வருகிறேன். விமர்சனத்தை எப்படித் தாங்குவது என்று யாரிடமாவது கற்க வேண்டுமென்றால் அந்த மனுஷனிடம் கற்கலாம். வாழ்நாள் முழுக்க விதவிதமாக வாங்கியவர் அவர்.

பள்ளியில் கண்ணாடிக்கும் சுருட்டை முடிக்கும் கிண்டல் வாங்கினார். வரைந்து காட்டித்தான் நண்பர்களைப் பிடித்தார். ஒசாகாவில் மருத்துவம் படித்தார்; டாக்டராக வேலை பார்க்காமல் மாங்கா வரைந்தார். நம் வீட்டில் ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுப் படக்கதை வரையப் போகிறேன் என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1955-இல் தீ. அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1963 ஜனவரி 1 அன்று ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சியில் அனிமேயாக வந்தது, வாரம் ஒரு அரைமணிப் பாகம். அடுத்து வந்த அடி வேறு ரகம்.

வாராவாரம் அரை மணி நேரம் சித்திரங்களை அசைய வைப்பதற்கு அன்றைக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொன்றுக்கும் புதிதாக வரைந்தால் வாரத்துக்கு ஒரு பாகம் எந்தக் காலத்திலும் முடியாது. தெசூகாவின் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒரே படத்தைப் பல ஃபிரேமுக்கு நிறுத்தி வைத்தார்கள். முகம் அப்படியே இருக்கும், வாய் மட்டும் அசையும். ஆஸ்ட்ரோ பாய் பறக்கிற காட்சியை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த பாகங்களில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதையும் அடிமாட்டு விலைக்கு டிவிக்காரர்களுக்கு விற்றார் தெசூகா. அனிமே வேலை செய்கிறவர்களின் சம்பளம் பல ஆண்டுகளுக்கு அடிமட்டத்தில் கிடந்ததற்கு அந்த விலையும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவர் தலைமேல் இருக்கிறது.

அதை உரக்கச் சொன்னவர் யார் தெரியுமா? ‘மை நெய்பர் டோட்டோரோ’ எடுத்த ஹயாவோ மியாசாகி. தெசூகா 1989 பிப்ரவரியில் இறந்தார். ஊரே புகழஞ்சலி எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில் மியாசாகி, மாங்காக்காரர் தெசூகாவை மதிக்கிறேன், அனிமே விஷயத்தில் அவர் செய்தது தவறு என்று பொதுவெளியில் சொன்னார். யார் இந்த மியாசாகி? சின்ன வயதில் தெசூகாவைப் படித்து வளர்ந்தவர். தன் ஓவியங்களில் தெசூகாவின் சாயல் அப்பிக் கிடப்பதைக் கண்டு, வரைந்து வைத்திருந்ததையெல்லாம் எரித்தவர். அவ்வளவு ஆழமாகப் பாதிக்கப்பட்டவர்தான் அவ்வளவு கடுமையாகவும் பேசினார்.

இதை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உன் தொடரைக் கிழித்துத் தொங்கவிடுகிற ஆள் அதன் எதிரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சில நேரம் உன்னைவிட அதிகமாக அதில் தோய்ந்தவனாக இருப்பான். அவனிடம் சண்டைக்குப் போகாதே. பக்கத்தில் உட்கார்ந்து கேள். “ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்று ஒரு கேள்வி போடு. உனக்குத் தெரியாத பத்து விஷயம் கிடைக்கும்.

தெசூகாவுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. ‘கெகிகா’ என்று பெரியவர்களுக்கான, கரடுமுரடான கதைகள் வந்து இளைஞர்களை இழுத்துக்கொண்டன. தெசூகா பழசு, சின்னப் பிள்ளை வரைகிற உருண்டை மூக்கு என்றார்கள். 1973-இல், அவர் முன்பே தொடங்கியிருந்த அனிமே நிறுவனம் மூஷி புரொடக்‌ஷன் திவாலானது. அவர் கதை முடிந்தது என்று பத்திரிகை வட்டாரமே பேசியது. அதே வருஷக் கடைசியில், கொஞ்ச வாரம் வந்து போகட்டும் என்ற அளவில் ஒரு பத்திரிகை அவருக்கு இடம் கொடுத்தது. அந்த இடத்தில் வந்ததுதான் ‘பிளாக் ஜாக்’. லைசென்ஸ் இல்லாத ஓர் அறுவை மருத்துவனின் கதை. மருத்துவம் படித்தது அங்கே கை கொடுத்தது. கொஞ்ச வாரம் என்று தொடங்கியது 240-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் போயிற்று. ‘பழசு’ என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது.

இதோடு நிறுத்தினால் இது வழக்கமான வெற்றிக் கதை ஆகிவிடும். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. 1977-இல் ‘பிளாக் ஜாக்’ அத்தியாயம் ஒன்றில் லோபோடமி என்ற மூளை அறுவையைச் சிகிச்சையாகக் காட்டியிருந்தார். மனிதர்களை நடைப்பிணமாக்கிய அறுவை அது. அதை எதிர்த்தவர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். தெசூகா, “இது வெறும் கதைதானே, உங்களுக்கு ரசனை இல்லை” என்று சொல்லவில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த அத்தியாயம் பிறகு மாற்றி எழுதப்பட்டு வேறு தலைப்பில் வந்தது.

படைத்தவனே தவறை ஒப்புக்கொண்டு திருத்தினான். ரசிகன் நீ எதற்கு அவனுக்கும் மேலே போய் மீசையை முறுக்குகிறாய்? அனிமேயில் பெண்களைக் காட்டுகிற விதம் பல இடங்களில் மோசம் என்று உன் தங்கையோ தோழியோ சொன்னால், அவளுக்கு ஜப்பானியக் கலாச்சாரம் புரியவில்லை என்று வகுப்பெடுக்காதே. அவள் சொல்வது பெரும்பாலும் சரி. நீயே அந்த இடத்தில் ஒலியைக் குறைத்துவிட்டு அம்மா வருகிறாளா என்று பார்க்கிறாய் இல்லையா?

ஆனால் ஒருவன், பார்க்காமலேயே பேசுகிறான் என்று வைத்துக்கொள். “கதையே இருக்காது, சும்மா கத்துவாங்க, அடிச்சுக்குவாங்க.” இவனிடம் தலையாட்ட வேண்டியதில்லை. இங்கேதான் நெருப்பு வேண்டும். நெருப்பு என்றால் கூச்சல் என்று எடுத்துக்கொள்ளாதே. அவனுக்கு ஓர் இடத்தைக் காட்டு.

‘மை நெய்பர் டோட்டோரோ’வில் பஸ் ஸ்டாப் காட்சி. மழை. அப்பாவுக்குக் குடை கொண்டுவந்த சத்சுகி காத்திருக்கிறாள். தங்கை மேய் அவள் முதுகில் தூங்கிவிட்டாள். பஸ் வரவில்லை, இருட்டுகிறது. பக்கத்தில் பெரிதாக ஏதோ வந்து நிற்கிறது. குடையை லேசாக உயர்த்திப் பார்க்கிறாள். டோட்டோரோ, தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு நனைகிறது. அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு சொட்டு குடைமேல் விழுந்து ‘டப்’ என்கிறது. டோட்டோரோவுக்கு உடம்பு சிலிர்க்கிறது. இன்னொரு சொட்டு. அதற்கு அந்தச் சத்தம் பிடித்துப் போகிறது. எம்பிக் குதித்துத் தரையில் தொம்மென்று இறங்குகிறது; மரங்கள் தேக்கி வைத்திருந்த தண்ணீரெல்லாம் ஒரே வீச்சில் கொட்டுகிறது. அவ்வளவுதான் காட்சி. வில்லன் இல்லை, சண்டை இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் பயத்தை ஒரு குடையும் சில சொட்டு மழையும் எப்படிக் கரைக்கின்றன என்று பார்.

இப்படி ஓர் இடம் உன் கையில் இருக்கிறதா? நீ நேசிக்கிற தொடரில், எந்தக் காட்சி, எந்தக் கணம் உன்னைப் பிடித்தது என்று உன்னால் சொல்ல முடியுமா? “செம மாஸ்”, “வேற லெவல்” என்பது பதில் ஆகாது. யார் கேட்டாலும் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டத் தெரிந்தவன் கிண்டலுக்குக் கலங்குவதில்லை. காட்டத் தெரியாதவன்தான் சத்தம் போடுகிறான். சத்தம் போடுகிறவனைத்தான் ஊர் மேலும் சீண்டுகிறது.

ரசிகர்களின் சத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ‘இவாஞ்சலியன்’ சாட்சி. 1996 மார்ச்சில் அது முடிந்தது. கடைசி இரண்டு பாகங்களில் ரோபோ சண்டையை ஓரம் கட்டிவிட்டு, நாயகன் ஷின்ஜியின் மனதுக்குள்ளேயே கதையை முடித்தார் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. எதிர்பார்த்தது கிடைக்காத ரசிகர்கள் கொதித்தார்கள். கடிதங்கள் குவிந்தன, கொலை மிரட்டல்கூட வந்தது. 1997-இல் வந்த திரைப்படத்தில் ரசிகர்கள் எழுதிய சில கடிதங்கள் திரையில் மின்னி மறைகின்றன, நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியும். எழுதியவர்கள் யார்? தொடரை வெறுத்தவர்கள் இல்லை, உயிராக நேசித்தவர்கள். தன் நேசம் புண்பட்டதென்று மற்றவனைப் புண்படுத்தக் கிளம்புவதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் கிடையாது. உன் நண்பன் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முடிவு பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை. பேசு, விவாதி. பேசி முடித்ததும் இரண்டு பேரும் டீ குடிக்கப் போங்கள். 2021-இல் மாங்கா முடிந்தபோது வந்த விமர்சனங்களைக் கேட்ட, அதை வரைந்த இசயாமாவே, 2023-இல் அனிமேயின் கடைசிப் பாகத்துக்கு எரனும் ஆர்மினும் பேசும் இடத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு பழக்கத்தையும் விடு. யாராவது குறை சொன்னால் உடனே கணக்கை எடுக்கிறாய். ‘ஒன் பீஸ்’ 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிற்று, ‘ஸ்பிரிட்டட் அவே’ ஆஸ்கர் வாங்கியது, 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ தமிழ் டப்பிங்கோடு நம் தியேட்டருக்கே வந்தது என்று. எல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் நீ நேசிப்பதற்குக் காரணமா? 1979-இல் ‘கன்டம்’ என்ற ரோபோ தொடருக்கு ரேட்டிங் வரவில்லை, ஸ்பான்சரின் பொம்மைகள் போகவில்லை. 52 பாகமாகத் திட்டமிட்டதை 43-இல் வெட்டி முடித்தார்கள். மறு ஒளிபரப்பில் அது எழுந்து நின்றது, 2009-இல் டோக்கியோவின் ஒடாய்பாவில் 18 மீட்டர் உயரச் சிலையே வைத்தார்கள் என்பது பின்கதை. முதல் ஒளிபரப்பில், யாரும் மதிக்காத சனிக்கிழமை மாலைகளில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஜப்பானியச் சிறுவனுக்கு இந்தச் சிலை வரப்போவது தெரியாது. அவனுக்கு அது பிடித்திருந்தது, பார்த்தான். நீ நேசிக்கும் தொடர் கடைசிவரை யாராலும் கொண்டாடப்படாமலே போகலாம். போகட்டுமே! உன் ரசனைக்கு வசூல் எதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்?

கிண்டலை உதறு, விமர்சனத்தைக் கேள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். எதிர்த்து நிற்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பவன் ‘நீயும் படிக்கக் கூடாது’ என்று கை நீட்டும் இடம் அது.

கெய்ஜி நகாசாவாவுக்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயது. அப்பா, அக்கா, தம்பியை இழந்தவர். அந்த அனுபவத்தைத்தான் 1973 முதல் ‘பேர்ஃபுட் கென்’ என்று மாங்காவாக வரைந்தார். 2012 டிசம்பரில் அவர் இறந்தார். அதே மாதம் மாட்சுயே நகரின் கல்வி வாரியம், காட்சிகள் கொடூரமாக இருக்கின்றன என்று சொல்லி, அந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலக அலமாரிகளிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னது. போர் கொடூரம் இல்லாமல் வேறெப்படி இருக்கும்? 2013 ஆகஸ்டில் செய்தி வெளியே வந்ததும் ஜப்பான் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதமே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அலமாரிக்குப் புத்தகம் திரும்ப வந்தது. நேசித்தவர்கள் வாய் திறந்ததால் வந்தது. திரையைச் சாய்த்து மறைக்கிற ரசிகர்களாக அவர்கள் இருந்திருந்தால், அது இன்றைக்கும் பூட்டிய அறையில்தான் இருந்திருக்கும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த வாரம், நீ உயிராக நேசிக்கும் தொடரைப் பற்றி வந்த மிகக் கடுமையான விமர்சனம் ஒன்றைத் தேடிப் பிடி. பாதியில் கோபப்பட்டு எழுந்துவிடாமல் முழுக்கப் படி. சரியாகச் சொன்ன இடங்களை ஒரு தாளில் எழுது. தவறு என்று படும் இடங்களுக்கு எதிரே, எந்தப் பாகத்தில் எந்தக் காட்சி என்று குறித்துவை. பிறகு முதல் பாகத்தைப் போட்டுப் பார். ஹாலில் இருக்கிற பெரிய டிவியில் போடு. சித்தப்பா வந்தால் பக்கத்தில் இடம் கொடு.